ஆணைக்கும் ஒரு வேளை உண்டு

சிப்பந்திகளிடம் வேலை வாங்கும் முறையைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக இரண்டு கட்சிகள் இருந்து வருகின்றன. கண்டிப்பு இல்லாவிட்டால் காரியம் நடவாது என்பது ஒன்று. யோசனை கேட்டு அன்பாக நடத்தினால்தான் மனம் வைத்து உழைப்பார்கள் என்பது மற்றொன்று. ஆராய்ந்து பார்த்தால், இரு சாராரும் தத்தம் ஸ்வபாவத்துக்கு இசைந்ததையே சித்தாந்தமாக்கிக் கொண்டிருக்கிறார்கள் என்பது புலப்படும். முன்கோபியான மானேஜர் கண்டிப்பின் மகிமையை எடுத்துரைப்பார். சச்சரவுக்கு அஞ்சுகிறவர் சுதந்திரத்தைப் போற்றுவார். எதிரே இருக்கும் வேலை எத்தன்மையது, அதைச் செய்யப்போகும் மனிதன் எத்தகையவன் என்று இருவருமே விசாரிப்பதில்லை.

அப்படி விசாரித்து நடந்தவர் என்று எர்னஸ்ட் ஷாக்கிள்டனைச் சொல்லலாம். தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் உத்தேசத்துடன் 1914-இல் அவர் கொண்டு சென்ற ‘எண்டூரன்ஸ்’ என்னும் கப்பல், 1915 ஜனவரியில் வெட்டெல் கடலின் பனிக்கட்டிகளிடையே அகப்பட்டு, பல மாதங்கள் நெரிபட்டு, நவம்பரில் மூழ்கிப் போயிற்று. மாலுமிகளும் வைத்தியர்களும் விஞ்ஞானிகளுமாக 28 பேர், மூன்று படகுகளுடன் பனிப்பரப்பின்மேல் நின்றார்கள்.

அந்த 28 பேரையும் அவர் ஒரே விதமாக நடத்தவில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது. புகைப்படக் கலைஞரான ஹர்லி, தமக்கு மதிப்புக் குறைந்தால் மனஸ்தாபப்படக் கூடியவர்; அவரைத் தம்முடைய கூடாரத்திலேயே வைத்துக்கொண்டு ஆலோசனைகளில் கலந்துகொள்ளச் செய்தார். துணைத் தலைவரான பிராங்க் வைல்டுக்கோ உத்தரவே தேவைப்படவில்லை. பின்னர் எலிஃபண்ட் தீவில் 22 பேரை விட்டுப் பிரிய நேர்ந்தபோது, அவர்களுடைய உயிரையே வைல்டின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். படுக்கைப் பைகளைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்ட சமயத்தில், குளிரை நன்கு தாங்கும் தோல் பைகள் பெரும்பாலும் சாதாரண மாலுமிகளுக்கே விழுந்தன. தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் கம்பளிப் பைகளே வாய்த்தன. சீட்டில் சிறிது சூழ்ச்சி இருந்திருக்கும் என்று மாலுமிகள் சந்தேகித்தார்களாம். அத்தகைய சூழ்ச்சியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு இணங்கிப் போனவரே டிசம்பர் இறுதியில் முற்றிலும் வேறு மனிதராக மாறினார். சேறும் உருகிய பனியுமான பரப்பில் படகுகளை இழுத்துக்கொண்டு போகையில், தச்சரான மக்னீஷ், கப்பலே போய்விட்டபடியால் உடன்படிக்கையும் போயிற்று, இனித் தாம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவரல்ல என்று நின்றுவிட்டார். ஷாக்கிள்டன் விவாதத்தில் இறங்கவில்லை. பிறருடைய அபிப்பிராயமும் கேட்கவில்லை. எல்லோரையும் கூட்டி, அவர்கள் கையெழுத்திட்ட ஷரத்துகளைப் படித்துக் காட்டி, துறைமுகம் சேரும் வரையில் சம்பளமும் உண்டு, கீழ்ப்படியும் கடமையும் உண்டு என்று தீர்த்துச் சொன்னார். ஒருவர் கயிற்றை விட்டால் மற்றவர்களும் விட்டுவிடக்கூடிய அந்த வேளையில் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும், ஆணையை இவ்வாறு நிலைநாட்டிய அவரே, பனி இடம் கொடாதென்று கண்டதும், சில தினங்களுக்குள் அந்த யாத்திரையையே கைவிட்டார். நம் ஊர் நிர்வாகிகளில் பலருக்கு முன்னது எளிதில் வரும். பின்னதற்குத்தான் மானம் தடுக்கும்.

அதிகாரத்தின் எல்லையைப் பரீட்சை செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு விதமான தலைவர்களின் கீழ் முகமூடி முதலியவற்றைச் செய்யச் சொன்னபோது, அதட்டி வேலை வாங்கிய தலைவர் அறையைவிட்டு அகன்றதும் வேலை சரேலென்று தளர்ந்தது; கலந்து பேசி நடத்தியவர் அகன்றபோது அநேகமாகத் தளரவில்லை. தலையிடாமல் விட்டுவிட்ட குழுவில் வேலையே குறைவுதான். ஆகவே, தாம் எப்போதும் அருகில் நிற்க முடியாத நிர்வாகி அதட்டலை நம்புவது வீண்.

ஷாக்கிள்டனின் குழு எலிஃபண்ட் தீவை அடைந்த பிறகு, 1916 ஏப்ரலில், உதவி தேடி ‘ஜேம்ஸ் கேர்டு’ என்ற சிறு படகில் தென் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்ட ஆறு பேரில், எதிர்த்து நின்ற மக்னீஷையும் ஷாக்கிள்டன் சேர்த்துக்கொண்டார். அதன் பக்கங்களை உயர்த்தி, மேலே கித்தான் போர்த்திக் கடலுக்கு ஏற்றதாக்கியவர் அந்தத் தச்சர்தாம். படகு கரை சேர்ந்தது. எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்ட் 30-ஆம் தேதி மீட்கப்பட்டார்கள். எனினும், துருவப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்கையில் ஷாக்கிள்டன் மக்னீஷின் பெயரை விட்டுவிட்டார். ஆபத்துக் காலத்தில் உசிதமாயிருந்த கண்டிப்பை ஆபத்து நீங்கிய பிறகும் விடாமல் வைத்திருந்தது அநியாயமென்றே சொல்வேன். 1930-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் வறுமையில் இறந்த மக்னீஷுக்கு அந்தப் பதக்கம் கிடைக்கவேயில்லை.