உயிலில் இருப்பது யாருடைய விருப்பம்?

சொத்து முழுவதும் ஒரே பிள்ளைக்கு எழுதப்பட்டிருப்பது பெற்றோரின் மறைவுக்குப் பின் தெரியவரும்போது, விடுபட்ட வாரிசுகள் நீதிமன்றத்தில் பெரும்பாலும் முன்வைக்கும் வாதம் ‘முறையற்ற செல்வாக்கு’ என்பதாகும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, ஒருவருடைய மனத்தை ஆட்டிவைக்கக்கூடிய நிலையில் மற்றவர் இருப்பதும், அந்நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் அடைவதும் சேர்ந்ததே முறையற்ற செல்வாக்கு. ஆகவே நெருங்கிய உறவோ, ஒரே வீட்டில் வாழ்ந்து பணிவிடை செய்ததோ மட்டும் அதற்குச் சான்றாகிவிடாது.

உயிலைப் பொறுத்தவரை அளவுகோல் இன்னும் கடுமையானது. மோசடியாலோ, வற்புறுத்தலாலோ, எழுதுபவரின் சுதந்திரத்தையே பறிக்கும் அளவுக்கு விடாப்பிடியான நச்சரிப்பாலோ பெறப்பட்ட உயில் செல்லாது என்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு கூறுகிறது. எனினும், கெஞ்சிக் கேட்டதாலோ முகத்துதியாலோ மனமிரங்கி, தம் சொந்த முடிவாக ஒருவர் எழுதிய உயில் செல்லும் என்பதை அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளே தெளிவாக்குகின்றன.

இத்தகைய வழக்குகளின் போக்கைத் தீர்மானிப்பது, எதை யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே. உயில் முறைப்படி எழுதப்பட்டதையும், இரு சாட்சிகளின் கையொப்பத்தையும், எழுதியவரின் தெளிந்த மனநிலையையும் நிறுவும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. முறையற்ற செல்வாக்கை நிறுவும் பொறுப்போ அதைச் சொல்பவருடையது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, எந்த விதத்தில், எப்போது, யாரால் அழுத்தம் தரப்பட்டது என்ற விவரங்களை அவர் தம் மனுவிலேயே குறிப்பிட வேண்டுமாதலால், பொதுப்படையான குற்றச்சாட்டு நிற்காது.

ஆனால், உயிலால் பெரும் பயன் அடைபவரே அதை எழுதுவிப்பதில் முன்னின்றிருந்தால் அது ‘ஐயத்திற்குரிய சூழ்நிலை’ ஆகும் என்றும், அந்த ஐயத்தைப் போக்கி நீதிமன்றத்தின் மனச்சான்றை நிறைவு செய்வது உயிலை முன்வைப்பவரின் கடமை என்றும் வெங்கடாசல ஐயங்கார் – திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் வகுத்தது. நடுங்கும் கையொப்பமும், இயல்பான வாரிசுகளைக் காரணமின்றி விலக்கியதும் இந்த ஐயத்தை வலுப்படுத்தலாம். பத்திரம் பதிவு செய்யப்பட்டது என்பதால் மட்டும் ஐயம் நீங்கிவிடாது.

உயிலை எழுதியவர் உயிருள்ளவரை மாற்றலாம்; ஆனால் வாழ்நாளிலேயே எழுதித்தரும் தான செட்டில்மெண்ட் பத்திரம் உடனே உரிமையை மாற்றிவிடுவதால், அங்கே சட்டம் வேறு வகையில் காவல் நிற்கிறது. எழுதிக்கொடுத்தவர் முழு நம்பிக்கை வைத்துச் சார்ந்திருந்தவரே பயன்பெற்றவராகவும் இருந்தால், பரிமாற்றம் நேர்மையானது என்பதை அவர்தாம் நிறுவ வேண்டும். மேலும், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதப்பட்ட சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ முறையற்ற செல்வாக்காலோ நிகழ்ந்ததாகவே கருதப்பட்டு, எழுதிக்கொடுத்தவர் கோரினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக அறிவிக்கலாம்.

எனவே, பங்கீடு சமமாக இருக்கிறதா என்பதை நீதிமன்றம் அளந்து பார்ப்பதில்லை. சமமற்ற பங்கீடும் எழுதியவரின் உரிமைக்குள் அடங்குவதே. ஆகையால், பிள்ளைகளில் ஒருவரை விலக்க விரும்புபவர் அதற்கான காரணத்தை உயிலிலேயே குறிப்பிடுவதும், பயன்பெறாத சாட்சிகளைத் தேர்வதும், முதுமையிலோ நோயிலோ எழுதும்போது மருத்துவரின் சான்றைப் பெற்றுவைப்பதும், பின்னாளில் தம் சார்பில் பேச இயலாத அவருடைய விருப்பத்துக்கு வலுவான ஆதாரங்களாகும்.