குளத்தில் அமிழ்ந்த நீர்மூழ்கி

நம் கடற்கரை ஊர் ஒன்றில் மேனிலைப் பள்ளி மாணவர் மூவர், வானொலி அலைகளால் இயக்கக்கூடிய நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரி ஒன்றைச் செய்தனர். பிளாஸ்டிக் குழாய்தான் அதன் உடல். மூன்று மாத உழைப்பு. பெற்றோர் கொடுத்த பணமும் சிறிதன்று. ஊர்க்குளத்தில் இறக்கினர். அழகாய் மிதந்தது, கட்டளையிட்டதும் அமிழ்ந்தது, பின்னர் வரவேயில்லை! முதிய மீனவர் ஒருவர் முக்குளித்து எடுத்துத் தந்தார்.

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு நீருமில்லை. அவ்வகையில் பிள்ளைகள் கவனமாயிருந்தனர். சைக்கிள் பம்பினால் உள்ளே சிறிது காற்றடைத்து, அண்டா நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா எனப் பார்த்திருந்தனர். சுழலி செல்லும் தண்டின் துளையே பெரும்பாலும் கசியும் இடம். அப்படியாயின் குற்றம் எங்கே?

"தண்ணி முன்னால ஓடிட்டு, சாமி. வள்ளத்துக்குள்ள தண்ணி நின்னாலும் இதேதான்" என்றார் பெரியவர். அவர் சொன்னது முற்றிலும் சரி. அமிழ்வதற்காக நீர் ஏற்றும் தொட்டி பாதி நிறைந்திருக்கையில், மூக்குச் சற்றே சாய்ந்தாலும் நீர் முழுவதும் முன்பக்கம் பாய்ந்து, சாய்வை மேலும் மிகுதியாக்கும். தொட்டியைச் சிறியதாக்கி நடுவில் வைப்பதும், உள்ளே தடுப்புகள் அமைப்பதும் இதற்கு மருந்து. கீழே ஈயமும் மேலே தெர்மோகோலும் வைத்தால் கலம் புரளாது.

எனினும் மேலே வரும்படி அனுப்பிய கட்டளை ஏன் எட்டவில்லை? அவர்கள் வாங்கியது, இக்காலத்துப் பறக்கும் பொம்மைகளுக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி. அவ்வலையை நன்னீரே சில அங்குலங்களில் விழுங்கிவிடும். பழைய பொம்மைகளின் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் அலையாயின் குளத்தில் ஓரிரு மீட்டர் ஆழமேனும் செல்லும். உப்பு நீரிலோ அதுவும் பயனற்றது. 40 மெகாஹெர்ட்ஸ் அலையின் வலிமை ஒவ்வொரு 4 சென்டிமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குன்றிவிடுகிறது.

மெய்யான நீர்மூழ்கிகளுக்கும் இதே இடர்தான். அதற்கு நம் நாடு கண்ட விடை, நமக்கு அண்டையிலேயே, நெல்லை மாவட்டத்து விஜயநாராயணத்தில் வானுயர்ந்த கம்பங்களாக நிற்கின்றது. 1990-இல் பணியில் அமர்ந்த ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம் அது. அங்கிருந்து புறப்படும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல்! அத்தகைய அலையும் கடலுக்குள் பத்து இருபது மீட்டர் அளவே இறங்கும். நீர்மூழ்கி அதைக் கேட்கலாம். அவ்வழியே மறுமொழி கூற இயலாது.

அதனினும் ஆழத்தில் ஒலியே துணை. அதற்கும் அதற்குரிய தொல்லைகள் உண்டு. 6,000 மீட்டர் ஆழத்திற்கு மூவரை ஏற்றிச் செல்லவென வடிவமைக்கப்பட்ட 'மத்ஸ்யா 6000' கலத்தை, சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2025 ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் இறக்கிச் சோதித்தனர். ஆளில்லாமலும் சோதித்தனர், ஆட்களுடனும் சோதித்தனர். அங்கே நீரடிக் குரல் தொடர்பு இடர்ப்பட்டது. துறைமுகத்தில் போதிய ஆழமின்மையே காரணமாம்.

நம் பிள்ளைகள் இப்பொழுது 40 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாறியுள்ளனர். அலை மூன்று வினாடி கிட்டாவிடில், பம்பு தானே தொட்டி நீரை வெளியேற்றும்படியும் அமைத்துள்ளனர். மணக்குடிக் காயலில் விட்டுப் பார்க்க ஆசையாம். குளத்தில் எடை சரிசெய்த நான்கு கிலோ மாதிரி உப்பு நீரில் அமிழ, ஏறத்தாழ நூறு கிராம் ஈயம் கூடுதலாக வேண்டும் என்று பெரியவரிடம் கணக்குச் சொன்னார்கள். அவரோ முதலில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டச் சொன்னார். கட்டியிருக்கிறார்கள்.