விருந்தினர் அறை தையல் அறையாகட்டும்

ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் விருந்தினருக்காக ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறோம். நாள்தோறும் தைக்கும் இல்லத்தரசியோ, கூடத்தின் மூலையில் இயந்திரத்தை இழுத்துப் போட்டு அமர்கிறார். வாடிக்கையாளரின் பட்டுத்துணியில் குழம்புக்கறை பட்டால் பல நாள் கூலி அதற்கே போய்விடும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தனக்கென இடமில்லாத வேலையை வீட்டார் வேலையாக எண்ணுவதில்லை. செய்பவரும் அதற்குக் கணக்கு வைப்பதில்லை. அந்த அறையைத் தையலுக்குத் தருவது எப்படி என்று காண்போம்.

முதலில் வெளிச்சம். இயந்திரத்தின் ஊசி தைப்பவருக்கு இடப்புறம் இருக்கிறது. சன்னல் இடப்பக்கம் வருமாறு இயந்திரத்தை நிறுத்தினால் வலக்கையின் நிழல் தையல்மீது விழாது.

அடுத்தது உயரம். தரையில் குனிந்து துணி வெட்டுவது முதுகை வாட்டும். நின்று வெட்ட ஏறத்தாழ 36 அங்குல உயர மேசை ஏற்றது. பழைய மேசையின் கால்களை உறுதியான மரக்கட்டைகளால் உயர்த்தி, மேலே அகலமான பிளைவுட் பலகை இட்டாலே போதும்.

மூன்றாவது மின்சாரம். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் அளவுக்கு இழுக்கும். அதற்கு எர்த் இணைப்புள்ள தனிப் பிளக் வேண்டும். இயந்திரத்துடன் ஒரே நீட்டிப்புக் கம்பியில் இணைக்கலாகாது. பவர் மெஷின் வாங்குவோர் சர்வோ மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது நன்று. பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுழலும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டுமே சுழலும். மின்செலவும் இரைச்சலும் குறையும்.

இனிப் பணம். கடன் கேட்குமுன் ஒரு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு ரவிக்கைக்குக் கூலி 150 ரூபாய், நூல், கொக்கி, மின்சாரம் 30 ரூபாய் எனக் கொள்வோம். நாளுக்கு மூன்று வீதம் 25 நாள் தைத்தால் கையில் நிற்பது 9,000 ரூபாய். மாதத் தவணை இத்தொகையில் எளிதில் அடங்க வேண்டும்.

முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தையலும் ஒன்று. அதில் முதல் தவணையாக 1 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் கிடைக்கும். திருப்பிச் செலுத்த 18 மாதம். குடும்பத்தில் ஒருவருக்கே இவ்வாய்ப்பு. முத்ரா கடன் நிலுவையில் உள்ளவர் இதில் சேர இயலாது என்பதால், எதை முதலில் பெறுவது என்பதைக் கிளையில் கலந்துபேசி முடிவெடுங்கள்.

அறையைப் போலவே கணக்கையும் பிரித்து வையுங்கள். தையல் வருவாய்க்கென ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு இருந்தால், அவர் உழைப்பின் மதிப்பு மாதந்தோறும் எண்ணாகத் தெரியும். விருந்தினர் வரும் நாளில் கூடத்தில் ஒரு பாய் விரித்தால் போயிற்று.