போலி நிகழ்பட ஆட்டக் கார்ட்ரிட்ஜ்

போலி நிகழ்பட ஆட்டக் கார்ட்ரிட்ஜ் என்பது, ஒரு நிகழ்பட ஆட்டத்தின் மென்பொருளை உரிமையாளரின் ஒப்புதலின்றிப் படியெடுத்து, மூல நிறுவனத்தின் பெயரையும் வணிகக் குறியையும் பொறித்து, அசல் என்ற தோற்றத்துடன் விற்கப்படும் கார்ட்ரிட்ஜ் ஆகும். உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய ஆட்டங்களை ஏற்கெனவே பயன்படுத்திய நிலையில் வாங்குவோரே இவற்றால் பெரிதும் ஏமாற்றப்படுகின்றனர். நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், டிஎஸ் ஆகிய கையடக்கக் கருவிகளுக்கான போக்கிமான் ஆட்டங்களில் போலிகள் மிகுதி. இக்கட்டுரை 2001 இல் வெளிவந்த கேம் பாய் அட்வான்சையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பெயர்

தமிழ்நாட்டில் 1990களில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடிய கருவிகளின் கார்ட்ரிட்ஜ்கள் பொதுவாகக் "கேசட்" என்றே அழைக்கப்பட்டன. ஒலிநாடாவுடன் குழப்பிக்கொண்ட வழக்கு என்று இதனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சப்பானியரும் இவற்றைக் "கசெட்டோ" என்றே கூறுவர். அக்காலத்தில் இந்தியக் கடைகளில் கிடைத்த கருவிகளிற் பல, 1983 இல் சப்பானில் வெளியான ஃபாமிகாம் கருவியின் உரிமம் பெறாத நகல்கள் ஆகும். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டு விற்கப்பட்டவையும் உரிமம் பெறாதவையே. அவற்றை வாங்கியோர் அசல் என நம்பி வாங்கவில்லை. அசலின் விலையைக் கொடுக்கவும் இல்லை. இன்றைய போலிகள் அசலின் விலைக்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவான விலைக்கு விற்கப்படுவதே முக்கிய வேறுபாடு.

போலிக்கும் அசலுக்கும் உள்ளே உள்ள வேறுபாடு

கார்ட்ரிட்ஜ் என்பது நெகிழிக் கூட்டினுள் அடைக்கப்பட்ட ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை. அசலில் ஆட்டத்தின் மென்பொருள், தொழிற்சாலையிலேயே நிலையாகப் பதியப்பட்ட, பின்னர் மாற்ற இயலாத படிப்பு நினைவகச் சில்லில் இருக்கும். போலியில் பெரும்பாலும் மீண்டும் எழுதத்தக்க பிளாஷ் நினைவகம் பயன்படுகிறது. ஒரே வகைப் பலகையில் எந்த ஆட்டத்தையும் எழுதி, அதற்குரிய லேபிளை ஒட்டிவிடலாம் என்பதால் உற்பத்திச் செலவு மிகக் குறைவு.

ஆடுபவருக்கு இதைவிட முக்கியமானது சேமிப்பு நினைவகம் ஆகும். ஆட்டத்தில் எட்டிய நிலை, பிடித்து வளர்த்த போக்கிமான்கள் ஆகியவை இதில்தான் எழுதப்படுகின்றன. கேம் பாய் அட்வான்சுக்கான ரூபி, சஃபயர் (2002), ஃபயர்ரெட், லீஃப்கிரீன், எமரால்ட் (2004) ஆகிய ஐந்து போக்கிமான் ஆட்டங்களின் அசல்களும் 128 கிலோபைட்டு பிளாஷ் நினைவகத்தில் சேமிக்கின்றன. இந்நினைவகத்துக்கு மின்கலம் தேவையில்லை. போலி செய்வோர் இச்சில்லைத் தவிர்த்து, மின்கலத்தால் தாங்கப்படும் மலிவான நினைவகத்தை வைத்து, ஆட்டத்தின் மென்பொருளையும் அதற்கேற்பத் திருத்திவிடுகின்றனர். மின்கலம் தீர்ந்த நாளில் சேமிப்பு முழுவதும் அழிந்துவிடும். மின்கலம் தீரும் முன்னரே சேமிப்புக் கெட்டுப்போகும் போலிகளும் உண்டு. இறுதிக்கட்டமான எலீட் ஃபோர் எதிராளிகளை வென்று, வெற்றி பதிவாகும் தருணத்தில் சேமிப்பு அழிந்ததாகப் பல ஆட்டக்காரர்கள் முறையிட்டுள்ளனர். கடையில் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்து வாங்குபவரால் இதனைக் கண்டறிய இயலாது.

வெளித்தோற்றத்தில் காணத்தக்கவை

லேபிளும் கூடும் போலி செய்ய மிக எளியவை. எனவே இவற்றைக் கொண்டு போலி என முடிவு செய்யலாமே தவிர, அசல் என முடிவு செய்தல் கூடாது.

கேம் பாய் அட்வான்ஸ் லேபிளில் ஆட்டத்தின் குறியீட்டு எண் அச்சிடப்பட்டிருக்கும். வட அமெரிக்க எமரால்டில் இது ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ என்று இருக்கும். ஏஜிபி என்பது கருவியையும், நடுவிலுள்ள நான்கு எழுத்துகள் ஆட்டத்தையும், இறுதிப் பகுதி விற்பனை வட்டாரத்தையும் குறிக்கும். ஃபயர்ரெடுக்கு நடுப்பகுதி பிபிஆர்இ, லீஃப்கிரீனுக்கு பிபிஜிஇ ஆகும். வேறோர் ஆட்டத்தின் குறியீட்டை அப்படியே விட்டு, படத்தை மட்டும் மாற்றிய போலிகள் உள்ளன. அசல் லேபிளின் மீது, சாய்த்து ஒளியில் பார்த்தால் தெரியும்படி, இரண்டு இலக்க எண் ஒன்று மையின்றி அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உடன் ஓர் எழுத்தும் இருக்கும். போலிகளிற் பலவற்றில் இப்பதிவு இல்லை.

ரூபி, சஃபயர், எமரால்ட் ஆகியவற்றின் கூடுகள் முறையே சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. சாம்பல் நிறக் கூட்டில் வரும் எமரால்ட் ஐயத்துக்குரியது. டிஎஸ் கருவிக்கான ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் (2009), பிளாக், வைட் (2010) ஆகியவற்றில் இச்சோதனை இன்னும் எளிது. இவற்றின் அட்டைகளினுள் அகச்சிவப்புக் கதிர்த் தொடர்புக்கான உறுப்பு உள்ளது. கதிர் வெளியேற வேண்டும் என்பதற்காகக் கூடு கருமையாகவும், வலுவான ஒளியின் முன் பிடித்தால் செந்நிறமாக ஒளி ஊடுருவுவதாகவும் செய்யப்பட்டது. போலிகள் பெரும்பாலும் மற்ற டிஎஸ் அட்டைகளைப் போன்ற ஒளி ஊடுருவாத சாம்பல் நிறத்திலோ, வெறும் கறுப்பு நெகிழியிலோ வருகின்றன.

கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதியில் மின் தொடுமுனைகள் வரிசையாகத் தெரியும். கேம் பாய் அட்வான்ஸ் அசல்களில் இத்தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, பலகையின் மீது நின்டெண்டோ என்ற பெயர் சிறிய எழுத்துகளில் காணப்படும். கூட்டைத் திறவாமலேயே பார்க்கலாம் என்பதால் இது நெடுங்காலம் நம்பகமான அடையாளமாக இருந்தது. பின்னர் வந்த போலிகள் சிலவற்றில் இப்பெயரும் அச்சிடப்படுவதால் இதனை மட்டும் நம்புவதற்கில்லை.

கருவியை இயக்கியதும் திரையில் தோன்றும் நின்டெண்டோ இலச்சினையும் சான்றாகாது. முதல் கேம் பாயிலேயே, கார்ட்ரிட்ஜில் உள்ள இலச்சினைத் தரவைக் கருவி தன்னிடமுள்ளதுடன் ஒப்பிட்டு, பொருந்தாவிடில் நின்றுவிடும் ஏற்பாடு இருந்தது. ஆட்டத்தை முழுமையாகப் படியெடுப்பவர் இலச்சினையையும் சேர்த்தே படியெடுத்துவிடுவதால், போலியும் இச்சோதனையில் தேறிவிடும்.

திறந்து பார்த்தல்

ஐயமறத் தெளியக் கூட்டைத் திறந்து பலகையைக் காண்பதே சிறந்த வழி. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜின் பின்புறம் மூன்று கிளைகள் கொண்ட தலையுடைய ஒரு திருகாணி உள்ளது. பழைய கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 ஆகியவற்றின் கார்ட்ரிட்ஜ்களுக்கு 3.8 மில்லிமீட்டர் அளவுடைய வேறு வகைத் திருப்புளி வேண்டும். இரண்டும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பிறருடைய பொருளைத் திறக்க முதலில் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். தொலைவிலிருந்து வாங்குவோர் பலகையின் ஒளிப்படத்தைக் கேட்டுப் பெறலாம். நல்ல விற்பனையாளர்கள் இதற்கு மறுப்பதில்லை.

அசல் பலகையில் சில்லுகள் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டு, அவற்றின் மீது குறியீடுகள் தெளிவாக இருக்கும். பலகையில் நின்டெண்டோவின் பெயரும் ஆண்டும் காணப்படும். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் உருண்டை, கையால் பற்றவைத்த கம்பி, குறியீடு சுரண்டப்பட்ட சில்லு ஆகியவை பெரும்பாலும் போலியையே காட்டும்.

மின்கலத்தைப் பற்றிய குழப்பம் மிகுதி என்பதால் அதனைத் தனியே விளக்க வேண்டியுள்ளது. ரூபி, சஃபயர், எமரால்ட் ஆகிய மூன்றிலும் சிஆர்1616 வகை மின்கலம் உண்டு. இது சேமிப்புக்காக அன்று. ஆட்டத்தினுள் ஓடும் கடிகாரத்துக்காக வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கடந்த அசலில் இம்மின்கலம் தீர்ந்திருப்பது இயல்பே. அப்போது மின்கலம் தீர்ந்ததாக ஓர் அறிவிப்புத் தோன்றும், பழச்செடிகள் வளர்வது நின்றுவிடும், ஆனால் சேமிப்பு அழியாது. போலிகளிற் பலவற்றில் கடிகாரமே இல்லாததால், புதியதாக வாங்கிய அன்றே இதே அறிவிப்புத் தோன்றும். ஆகவே அறிவிப்பை மட்டும் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலாது. ஃபயர்ரெட், லீஃப்கிரீன் ஆகியவற்றில் கடிகாரம் இல்லை, எனவே மின்கலமும் இல்லை. திறந்த ஃபயர்ரெடினுள் மின்கலம் இருக்குமாயின் அது போலி. இதற்கு முந்தைய கோல்ட், சில்வர் (1999) ஆட்டங்களிலோ நிலைமை நேர்மாறானது. அவற்றின் அசல்களே சேமிப்புக்கு சிஆர்2025 மின்கலத்தை நம்பியிருந்தன. பழைய கோல்ட் சேமிக்க மறுப்பதால் மட்டும் அதனைப் போலி எனத் தள்ளுவது தவறு. மின்கலத்தை மாற்றினால் அது மீண்டும் இயங்கும்.

பிற கருவிகளுடன் சோதித்தல்

நின்டெண்டோ டிஎஸ், டிஎஸ் லைட் ஆகியவற்றில் கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கான துளை உண்டு. 2008 இல் வந்த டிஎஸ்ஐ கருவியில் இது நீக்கப்பட்டது. டிஎஸ் கருவியில் டைமண்ட் அல்லது பேர்ல் (2006) ஆட்டத்தை உரிய கட்டம் வரை ஆடிய பின், அத்துளையில் அசல் ரூபியை இட்டால், அதிலிருந்து போக்கிமான்களை இடம்பெயர்க்கும் தெரிவு முதற்பட்டியலில் தோன்றும். போலிகள் பெரும்பாலும் அடையாளம் காணப்படுவதில்லை. தம் பழைய போக்கிமான்களைப் புதிய ஆட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்துடன் வாங்குவோருக்கு இக்குறை ஒன்றே பணம் முழுவதும் வீணானதற்குச் சமம்.

ஒருபோதும் அசலாக இருக்க இயலாதவை

சில கார்ட்ரிட்ஜ்களைச் சோதிக்கவே தேவையில்லை. மதர் 3 என்னும் ஆட்டம் 2006 இல் சப்பானில் மட்டும் வெளியானது. அதன் ஆங்கில வடிவம் 2008 இல் ஆர்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு ஆகும். ஆங்கில மதர் 3 கார்ட்ரிட்ஜ் எதுவும் நின்டெண்டோ வெளியிட்டதன்று. ஆர்வலர்கள் திருத்திய போக்கிமான் ஆட்டங்களும் இவ்வகையினவே. இவை "மறுவாக்கம்" என்று வெளிப்படையாகக் கூறி விற்கப்படுவதுண்டு. வாங்குபவர் அறிந்தே வாங்குவதால் ஏமாற்று இல்லை எனினும், பதிப்புரிமைச் சிக்கல் நீங்குவதில்லை. பொருளின் தரத்துக்கும் உறுதியில்லை. 5 வோல்ட்டில் இயங்கும் சூப்பர் நின்டெண்டோ போன்ற கருவிக்கு 3.3 வோல்ட் சில்லைத் தகுந்த மின்னழுத்த மாற்றியின்றி இணைத்துச் செய்யப்பட்ட மலிவான மறுவாக்கங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் சில்லு தன் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்துக்கு உள்ளாகிறது.

பல ஆட்டங்கள் அடங்கியவை அனைத்தும் போலி எனக் கொள்வதும் சரியன்று. சூப்பர் மாரியோ பிரதர்சும் டக் ஹன்ட்டும் சேர்ந்த கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவே வெளியிட்டது.

விலையும் விற்பனையாளரும்

எமரால்ட் போன்ற ஆட்டங்களின் அசல் கார்ட்ரிட்ஜ் இன்று அதன் வெளியீட்டு விலையைவிடப் பல மடங்குக்கு விற்கிறது. அதே ஆட்டம் பளபளக்கும் புதிய லேபிளுடன், மிகக் குறைந்த விலையில், ஒரே விற்பனையாளரிடம் எண்ணிக்கை வரம்பின்றிக் கிடைக்குமாயின் அது போலி என்றே கொள்ளலாம். உயர்ந்த விலை மட்டும் அசலுக்கு உறுதி தராது. ஒளிப்படம் அப்பொருளையே எடுத்ததா, வேறிடத்திலிருந்து எடுத்துப் போட்டதா என்பதும் கவனிக்கத்தக்கது. பின்புறத்தையும் தொடுமுனைகளையும் காட்டாத விளம்பரத்தில் அவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். "அசல்" என்ற சொல்லை விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொண்டால், பின்னர் போலி எனத் தெரியவரும்போது பணத்தைத் திரும்பக் கோருவது எளிதாகும். கிழிந்த லேபிள், மாற்றப்பட்ட கூடு, முந்தைய சிறுவர் யாரோ எழுதிய பெயர் ஆகியவை விலையைக் குறைக்கக்கூடும். ஆயினும் உள்ளிருக்கும் பலகை அசலாயின் ஆட்டத்துக்கும் சேமிப்புக்கும் அவற்றால் குறைவொன்றும் இல்லை.