தேர்: பல கைகள் கட்டும் கோயில்

அரும்பாவூர், வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்

தேர் என்பது நகரும் கோயில். அதை ஒருவர் தனியாகக் கட்டுவதில்லை. ஸ்தபதி சிற்பநூல் முறைப்படி அளவு குறிப்பார். தச்சர் இலுப்பை, தேக்கு முதலிய மரங்களை இழைத்துச் சட்டம் கூட்டுவார். சிற்பி அடுக்கடுக்கான பலகைகளில் தெய்வ உருவங்களைச் செதுக்குவார். இரும்பு வேலை கொல்லர் பொறுப்பு. இன்று பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் ஆலையிலிருந்து வருகின்றன.

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் தேர்ச் சிற்பங்களோடு தனிச் சிலைகளும் செய்கிறார்கள். முதலில் தாளில் படம் வரைவார்கள். அதை மரத்தில் பதித்த பிறகே உளி பிடிப்பார்கள். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் உருவம் எடுப்பது இவ்வூர் வழக்கம்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.