டிஃபால்ட் விபிசி இரண்டை ஏன் இணைக்க முடியாது?

பொத்தேரிப் பக்கம் காலேஜ் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: வெப் சர்வர் ஒன்று, டேட்டாபேஸ் சர்வர் இன்னொன்று. இரண்டையும் எப்படிப் பேச வைப்பது? டேட்டாபேஸுக்கும் பப்ளிக் ஐபி கொடுத்து போர்ட்டைத் திறந்துவிட்டால் வேலை நடக்கும்தான். ஆனால் ஊரே வந்து கதவைத் தட்டும். 2017 ஜனவரியில், பாஸ்வேர்டு இல்லாமல் இப்படித் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்களை ஆயிரக்கணக்கில் அழித்துவிட்டு, பணம் கட்டு என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு சர்வரும் ஒரே விபிசிக்குள், அதாவது ஒரே தனியார் நெட்வொர்க்குக்குள், இருந்தால் பிரச்சினை இல்லை. ப்ரைவேட் ஐபியே போதும். போஸ்ட்கிரெஸ் என்றால், டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்பில் 5432 போர்ட்டை வெப் சர்வரின் குரூப்புக்கு மட்டும் திறங்க. முடிஞ்சுது.

ஒன்று அமேசானின் மும்பை ரீஜியனில் (2016), இன்னொன்று ஐதராபாத்தில் (2022) இருந்தால்தான் தலைவலி. இரண்டு விபிசிக்கும் நடுவே பியரிங் போடணும். அமேசான் தானாகத் தரும் டிஃபால்ட் விபிசி எந்த ரீஜியனிலும் 172.31.0.0/16 தான். இங்கே இரண்டு மேன்ஷனிலும் 101-ஆம் ரூம் இருக்கு. வெறும் ரூம் நம்பரை மட்டும் சொன்னால் கூரியர்காரர் எங்கே போவார்? அதே கதைதான். முகவரி மோதினால் பியரிங் கோரிக்கையே தோற்றுவிடும். விபிசியின் முதல் முகவரி வரம்பைப் பிறகு மாற்றவும் முடியாது. ஆகவே சர்வர் எழுப்பும் முன்பே மும்பைக்கு 10.10.0.0/16, ஐதராபாத்துக்கு 10.20.0.0/16 என்று புது விபிசிகள் போட்டுக்கணும்.

பியரிங் ஏற்கப்பட்டதும் வேலை முடியவில்லை. மும்பை ரூட் டேபிளில் 10.20-க்கு வழி எழுதணும், ஐதராபாத்தில் 10.10-க்கு. திரும்பும் வழி இல்லாவிட்டால் பாக்கெட் போகும், பதில் வராது. ரீஜியன் தாண்டிய பியரிங்கில் அந்தப் பக்கத்து செக்யூரிட்டி குரூப்பின் பெயரைச் சொல்ல முடியாது. முகவரி வரம்பைத்தான் எழுதணும்.

மூன்றாவதாக சிங்கப்பூரில் ஒரு விபிசி வந்து, அதை ஐதராபாத்தோடு இணைத்தாலும், மும்பையிலிருந்து ஐதராபாத் வழியாக அங்கே போக முடியாது. பியரிங்கில் நண்பனின் நண்பன் நண்பன் இல்லை! மூன்று விபிசிக்கு மூன்று இணைப்பு, நாலுக்கு ஆறு. அதற்கு மேல் போனால் டிரான்சிட் கேட்வேதான் சரி, அதற்குக் காசு தனி.

பிங் பண்ணிப் பார்த்துப் பதில் இல்லை என்று உடனே எல்லாவற்றையும் கலைக்காதீங்க. செக்யூரிட்டி குரூப்பில் ஐசிஎம்பி அனுமதி இல்லாவிட்டால் பிங் வராது. 5432 ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கலாம்.