தொலைதூரக் குவாசார்களும் எக்ஸ் கதிரும்

குவாசார் பார்வைக்கு விண்மீன் போலத் தெரிந்தாலும், அது ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே பெருங்கருந்துளையைச் சுற்றி எரியும் ஒளிமையம். 3சி 273 என்ற ஒளிப்புள்ளி ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதை 1963இல் மார்ட்டன் சிமிட் கண்டறிந்த பின்னரே இந்த இனம் அடையாளம் காணப்பட்டது. இன்று, பிரபஞ்சம் பிறந்து 100 கோடி ஆண்டு நிறைவதற்குள்ளேயே ஒளிர்ந்த குவாசார்கள் பலவும் தெரியவந்துள்ளன.

கருந்துளை ஒளியை வெளிவிடாது. அதை நோக்கி விழும் வாயு தட்டுப்போலச் சுழன்று, உரசிச் சூடேறி, புறஊதாவிலும் கட்புலனாகும் ஒளியிலும் மின்னுகிறது. தட்டுக்கு மேலே மிகச் சூடான இலத்திரன் மேகம் ஒன்று உண்டு. தட்டிலிருந்து வரும் ஒளி அந்த இலத்திரன்களில் மோதி ஆற்றல் பெற்று எக்ஸ் கதிராக மாறுகிறது. ஆகவே எக்ஸ் கதிர் கருந்துளையின் வாசலிலிருந்தே வரும் செய்தி.

அந்தச் செய்தியைத் தரையில் வாங்க முடியாது. வானொலி அலைகள் வளிமண்டலத்தைக் கடந்து வருவதால் உதகமண்டலத்தில் வானொலித் தொலைகாட்டி இயங்குகிறது. எக்ஸ் கதிரை வளிமண்டலம் உறிஞ்சிவிடும்; மலையானாலும் சமவெளியானாலும் அது நிலத்தை எட்டாது. கருவியை விண்வெளிக்கு அனுப்புவதே வழி. நாசா 1999 ஜூலை 23இல் ஏவிய சந்திரா ஆய்வுகூடம் அத்தகையது. 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நேராக விழும் எக்ஸ் கதிர் சாதாரண ஆடியில் தெறிக்காமல் உள்ளே புகுந்துவிடும். அதனால் சந்திராவின் ஆடிகள் இரிடியம் பூசிய குழாய்களாக ஒன்றினுள் ஒன்று அமைந்துள்ளன. கதிர் அவற்றின் உட்சுவரை மிகச் சாய்வாக உரசித் திரும்பிக் குவிகிறது.

2023இல் அறிவிக்கப்பட்ட, யூ.எச்.இசட்.1 என்ற விண்மீன் மண்டலத்தின் குவாசார் இத்துறையின் முக்கியமான கண்டுபிடிப்பு. அதன் ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 47 கோடி ஆண்டுதான். ஏபெல் 2744 என்ற விண்மீன் மண்டலக் கொத்து இடையில் நின்று, தன் ஈர்ப்பால் அந்த ஒளியை ஏறத்தாழ 4 மடங்கு பெருக்கிக் காட்டியது. ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி செங்கீழ்க் கதிரில் மண்டலத்தைக் கண்டது. சந்திரா இரண்டு வாரத்துக்கு ஈடான நேரம் நோக்கி, மங்கலான எக்ஸ் கதிரைப் பிடித்தது. பிரபஞ்சம் விரிவதால் கதிரின் அலைநீளம் வழியில் 11 மடங்கு நீண்டிருந்தது. அதாவது, புறப்படும்போது அது 11 மடங்கு ஆற்றல் கொண்டிருந்தது. கருந்துளையை மூடிய அடர்ந்த வாயுவைத் துளைத்து வெளியேற அந்த ஆற்றலே உதவியது.

அக்கருந்துளையின் திணிவு 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள் வரை என மதிப்பிடப்படுகிறது. அருகிலுள்ள மண்டலங்களில் நடுக்கருந்துளை, விண்மீன்களின் மொத்தத் திணிவில் ஆயிரத்தில் ஒரு பங்களவே இருக்கும். இங்கோ இரண்டும் ஏறத்தாழச் சமம்.

இவ்வளவு விரைவில் அது எப்படிப் பருத்தது? கருந்துளையின் வளர்ச்சி வட்டிக்கு வட்டி போன்றது. விழும் வாயுவைத் தன் ஒளியே வெளியே தள்ளுவதால் அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் இடைவிடாது வளர்ந்தாலும் இருமடங்காக 3 கோடி ஆண்டுக்கு மேலாகும். இறந்த விண்மீனின் எச்சமான 100 சூரியத் திணிவிலிருந்து 4 கோடியை எட்ட, 18 தடவைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். அதற்கு 55 கோடி ஆண்டாவது தேவை. இருந்ததோ 47 கோடி. ஓர் இலட்சம் சூரியத் திணிவில் தொடங்கினால் 9 இரட்டிப்புக்குள் கணக்குச் சரியாகிறது.

அத்தகைய கனத்த வித்து, பெரிய வாயு மேகம் விண்மீன்களாக உடையாமல் நேரே நொறுங்குவதால் உருவாகலாம் என்பது ஒரு கொள்கை. கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன் இக்கொள்கையை வளர்த்தவர்களில் ஒருவர். விண்மீன்களுக்கு நிகரான கருந்துளை கொண்ட மண்டலங்கள் தென்படும் என 2017இலேயே அவரது குழு கணித்திருந்தது; யூ.எச்.இசட்.1இன் இயல்புகள் அதனோடு ஒத்துப்போயின.

எனினும் எல்லையை மீறி வேகமாக உண்ணும் கருந்துளை சிறு வித்திலிருந்தும் பருக்கலாம் என்ற மாற்றுக் கருத்து உண்டு. ஒற்றைப் பொருளை வைத்து இதைத் தீர்க்க இயலாது. ஐந்தாண்டுப் பணிக்கென ஏவப்பட்ட சந்திரா 25 ஆண்டு கடந்தும் உழைக்கிறது; ஆயினும் இத்தகைய குவாசார்களைப் பெருந்தொகையில் காண, அதைவிட அதிக ஒளியைத் திரட்டும் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி வேண்டும்.